பனி காணாத ஊரில் பாலன் குடில்

தூத்துக்குடி என்றதும் நம்மவருக்கு மூன்று பொருள்கள் நினைவுக்கு வருகின்றன: முத்து, உப்பு, கப்பல். முத்தைப் பற்றிச் சங்கப் புலவர் தொடங்கி மார்க்கோ போலோ வரையில் பலரும் எழுதிவிட்டார்கள். உப்பின் பெருமையை நம் வீட்டு அடுப்பங்கரையே நாள்தோறும் சொல்லுகிறது. கப்பலுக்கோ, 1906ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்த வ. உ. சிதம்பரம் பிள்ளையின் பெயர் ஒன்றே போதும். இம்மூன்றையும் விட்டு நாலாவதாக ஒன்றைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறோம். திருநாள் நெருங்கும்போது தெருவார் ஒன்றுகூடி, ஊர்ப் பொதுவிடத்தில், மண்ணையும் ஓலையையும் காகிதத்தையும் கொண்டு ஒரு காட்சியை உண்டாக்குகிறார்களே, அந்தக் கைவேலைதான் அது. மார்கழி மாதத்தில் அது பாலன் குடிலாக உருவெடுக்கிறது.

குடில் என்றால் நேயர்கள் அறிவார்கள்: பெத்லேகம் மாட்டுக் கொட்டிலில் இயேசு பிறந்த காட்சியைப் பொம்மைகளால் அமைத்துக் காட்டுவது. இதை விளையாட்டுப் பிள்ளைகளின் வேலை என்று சாமானியமாக நினைத்துவிடக் கூடாது. "இவ்வளவு பாடு எதற்கு? எல்லாம் சேர்ந்தாற்போல் கடையில் விற்கிறதே, வாங்கி வைத்தால் என்ன?" என்ற கேள்வி, 2024ஆம் ஆண்டு டிசம்பரில் நாம் கண்ட ஒரு தெருவில் வெகு பலமாக எழுந்தது. அதற்குக் கிடைத்த விடையில், மதுரைப் பக்கத்துக் குடும்பங்கள் சிலவற்றின் பிழைப்பும் அடங்கியிருந்தது. அந்தத் தெருவின் ஒற்றுமையும் ஓரளவு அடங்கியிருந்தது.

அந்தத் தெருவுக்குப் போவதற்கு முன்னால், ஊரைப் பற்றி ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். தூத்துக்குடி வெயிலுக்குப் பெயர் போனது. வெயில் இல்லாவிட்டால் உப்பு ஏது? ஆயினும் அந்நகரின் தலைவியாகப் பரதகுல மக்கள் போற்றி வணங்கும் அன்னைக்குப் பெயர் பனிமய மாதா! பனி என்பது இங்கே மார்கழிப் பனித்துளி அன்று. வெண்பஞ்சுபோல் வானத்திலிருந்து உதிரும் உறைபனி. தூத்துக்குடி வானம் அதை ஒரு நாளும் உதிர்த்ததில்லை.

இந்தப் பெயர் ரோமாபுரியிலிருந்து வந்தது. 4ஆம் நூற்றாண்டில், லிபேரியுஸ் என்ற பாப்பரசர் காலத்தில், ஆகஸ்டு மாதத்துக் கடுங்கோடையில், எஸ்குவிலின் குன்றின் மேல் ஓர் இரவு பனி பெய்தது என்றும், பனி விழுந்த இடத்தில் மாதாவுக்குக் கோயில் எழுந்தது என்றும் ஐதிகம். சாந்தா மரியா மஜோரே என்று அக்கோயிலை அழைக்கிறார்கள். இன்றும் ஆண்டுதோறும் ஆகஸ்டு 5ஆம் தேதி அதன் விதானத்திலிருந்து வெள்ளை மலரிதழ்களைச் சொரிந்து அந்தப் பனியை நினைவுகூர்கிறார்கள். அதே கோயிலில்தான், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அர்னோல்போ தி காம்பியோ என்ற சிற்பி பாலன் பிறப்புக் காட்சியைக் கல்லிலே செதுக்கி வைத்தார். அந்தச் சிற்பங்களில் பல இன்னும் அங்கே இருக்கின்றன. ஆகவே பனிக்கும் குடிலுக்கும் தொடர்பு பழையது. இரண்டும் ஒரே கோயிலில் குடியிருப்பவை.

முத்துக்குளித்துறையைச் சேர்ந்த பரதவர்கள் 1535ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவினார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார். 1582 ஆகஸ்டு 5ஆம் தேதி, ரோமாபுரியில் பனித் திருநாள் நடக்கும் அதே நாளில், தூத்துக்குடியில் மாதா கோயில் ஒன்று நேர்ந்தளிக்கப்பட்டது. இப்பொழுது கடற்கரைச் சாலையில் நாம் காணும் கோயில் 1713இல், ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில், கட்டி முடிந்தது. 1982இல் இதற்குப் பசிலிக்கா என்ற பட்டம் கிடைத்தது. ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்டு 5 வரையில் நடக்கும் திருவிழாவில் ஜாதி மத பேதமின்றி ஜனங்கள் கூடுகிறார்கள்.

அக்கோயிலின் தங்கத் தேரைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. 1806 பிப்ரவரி 2ஆம் தேதி அது முதன்முதல் வீதியில் ஓடிற்று. வடிவத்தில் நம் கோயில் தேர்களின் சாயல் உடையது. மேலே பொன் ரேக்குப் பதித்தது. இது ஆண்டுதோறும் ஓடும் தேர் அன்று. 1806 முதல் 2023 வரையில் பதினாறு முறைதான் ஓடியிருக்கிறது. கோயிலுக்கு முந்நூறு ஆண்டு நிறைந்த 2013இல் ஓடிய தேர், அதன் பிறகு பத்து ஆண்டுகள் கழித்து 2023 ஆகஸ்டில்தான் மீண்டும் நிலையை விட்டு நகர்ந்தது. தச்சரும் கொல்லரும் வர்ணக்காரரும் பொன் ரேக்கு ஒட்டுபவரும் கூடிப் பல நாள் பாடுபட்டால் அல்லவோ அத்தகைய தேர் வீதிக்கு வரும்? இழுத்தவர்களை ஊர் பார்த்தது. இழைத்தவர்களை எத்தனை பேர் பார்த்தார்கள்? விழாவை அலங்கரிக்கும் கைகள் எப்பொழுதும் விழாவுக்குப் பின்னால்தான் நிற்கின்றன.

குடிலைப் பற்றிய பழங்கதையிலும் பொம்மைக்கு இடமில்லை. 1223ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் இரவில், இத்தாலியிலுள்ள கிரேச்சோ என்ற மலையூரில், அசிசி நகர்ப் பிரான்சிஸ் முனிவர் ஒரு முன்னிட்டியில் வைக்கோலைப் பரப்பி, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் பக்கத்தில் நிறுத்தி, ஊராருக்குக் காட்டினார். எழுத்தறியாத ஏழை மக்கள் கண்ணாலே கண்டு உணர வேண்டும் என்பது அவர் கருத்து. அதற்கு வேண்டியவை அந்த ஊரிலேயே இருந்தன: ஊர் மாடு, ஊர் வைக்கோல், ஊர்க் குகை. பிற்காலத்தில் மரமும் மண்ணும் மெழுகும் அந்த இடத்தைப் பிடித்தன.

போலந்து தேசத்துக் கிராக்கோ நகரில் இந்த வழக்கம் ஒரு புதுமையான வடிவம் கொண்டது. அங்கே பனிக்காலத்தில் கட்டட வேலை நின்றுவிடும். கை வேலையில்லாமல் இருந்த கொத்தர்களும் கைத்தொழிலாளரும் தங்கள் நகரத்துக் கோபுரங்களையே சிறிதாக்கி, பளபளக்கும் வர்ணத் தாள்களால் அழகு செய்து, அதனுள்ளே பாலனை வைத்தார்கள். 1937 முதல் நகரச் சதுக்கத்தில் இதற்குப் போட்டி வைத்துப் பரிசு தருகிறார்கள். 2018இல் யுனெஸ்கோ நிறுவனம் இக்கலையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. வேலையற்ற கொத்தனின் கை உலகத்தின் மதிப்பைப் பெற்றுவிட்டது!

இச்செய்தி நம் மனத்தில் இருந்தபடியால்தான் தூத்துக்குடிக் குடில் நமக்கு நன்றாக விளங்கிற்று. இக்கரையிலும் அந்தக் கதையே நடக்கிறது. உப்பளத்தில் வேலை தை, மாசியில் தொடங்கிப் புரட்டாசி வரையில் நடக்கும். வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகளில் மழைநீர் தேங்கிவிடும். அம்பாரமாகக் குவித்த உப்பை ஓலையாலோ தார்ப்பாயாலோ மூடிவிட்டுத் தொழிலாளர் வீடு திரும்புவார்கள். கடலிலும் அந்த மாதங்களில் காற்றும் அலையும் மிகுதி; புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் வள்ளங்கள் கரையேறிவிடும். ஆக, ஐப்பசி முதல் மார்கழி வரையில் இக்கரையில் கை ஓய்ந்திருக்கும், பையும் ஓய்ந்திருக்கும். கிறிஸ்துமஸ் வருவதோ அந்தச் சமயத்தில்தான். காசில்லாத காலத்தில் வரும் திருநாளைக் கையாலன்றி வேறு எதனால் சிறப்பிக்க முடியும்?

குடிலுக்கு வேண்டிய சுரூபங்கள் மட்டும் தூத்துக்குடியில் பிறப்பதில்லை. நாம் கண்ட தெருவுக்கு அவை மதுரைக்கு அருகேயுள்ள விளாச்சேரியிலிருந்து வருகின்றன. ஆகவே நம் பிரயாணமும் அங்கிருந்தே தொடங்கிற்று.

திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் உள்ள சிற்றூர் விளாச்சேரி. மண்ணைத் தொழிலாகக் கொண்ட வேளார் குடும்பங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. ஆண்டு முழுவதும் அவர்களுக்குப் பஞ்சாங்கமே முதலாளி. ஆவணியில் பிள்ளையார், புரட்டாசியில் கொலுப் பொம்மை, கார்த்திகையில் அகல், மார்கழியில் குடில் பொம்மை. நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நாம் அங்கே சென்றோம். ஒரு வீட்டுத் திண்ணையில், நவராத்திரிக்கு விற்றதுபோக மிஞ்சிய வெண்ணெய்க் கிருஷ்ணன் நாலைந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அடுத்தாற்போல், இன்னும் வர்ணம் காணாத குழந்தை இயேசுமார் இருபது பேர் கைவிரித்துப் படுத்திருந்தார்கள். சூசையப்பரும் இடையர்களும் சுவரோரம் சாய்ந்திருந்தார்கள். மூன்று ராஜாக்களின் ஒட்டகங்களோ, தலைகீழாக ஒரு கூடையில் கிடந்தன!

வேலையின் முறையை அந்த வீட்டு அம்மாள் நமக்கு விளக்கிச் சொன்னார். கண்மாய் மண்ணைக் கொண்டுவந்து, கல்லும் வேரும் நீக்கி, ஊறவைத்து, காலால் மிதித்துப் பதம் பண்ணுகிறார்கள். பிறகு முன் அச்சு, பின் அச்சு என்ற இரண்டிலும் மண்ணை அப்பி எடுத்து, இரு பாதியையும் ஈர மண்ணால் ஒட்டுகிறார்கள். உள்ளே குடைவாக இருக்க வேண்டும். காற்றுப் போக ஒரு சிறு துளையும் வேண்டும். இல்லையேல் சூளையில் வெடித்துவிடும். நிழலில் சில நாள், வெயிலில் சில நாள் உலர்த்திய பின்னர்ச் சூளை. அதற்குப் பின் வெள்ளைப் பூச்சு. அதன் மேல் வர்ணம். எல்லாம் முடிந்த பின் கடைசியாகக் கண்.

"கண் எழுதுவது யார்?" என்று கேட்டோம்.

"நான்தான் ஐயா. என் மாமியார் கற்றுக் கொடுத்தது. கிருஷ்ணனுக்கும் நான்தான் எழுதினேன். இவருக்கும் நான்தான் எழுதுவேன். பிள்ளை முகம் எல்லாம் ஒன்றுதானே? அவருக்கு நீலம், இவருக்கு ரோஜா, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார் அந்த அம்மாள், தூரிகையை விட்டுக் கண்ணை எடுக்காமலே.

அவருடைய கவலை வேறொன்றாக இருந்தது. கொலுப் பொம்மையைச் சித்திரை வைகாசி வெயிலிலேயே உலர்த்தி வைத்துவிடலாம். குடில் பொம்மைக்கு ஆர்டர் வருவது ஐப்பசி பிறந்த பிறகு. அப்பொழுது மழை. மண் உலரவில்லை என்றால் சூளைக்குப் போகாது. சூளைக்குப் போகாவிட்டால் சொன்ன தேதிக்குப் பொம்மை போகாது. கடைக்காரர்கள் காத்திருப்பதில்லை. அச்சில் ஊற்றிய அரை மணியில் இறுகிவிடும் பாரீஸ் சாந்துப் பொம்மையையோ, வெளிதேசத்திலிருந்து பெட்டி பெட்டியாக வந்திறங்கும் செயற்கைப் பொம்மையையோ வாங்கி அடுக்கிவிடுகிறார்கள். "எங்கள் வீட்டிலேயே இரண்டு பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள் ஐயா. குற்றம் சொல்ல முடியுமா?" என்றார். நம்மால் பதில் சொல்லக்கூடவில்லை.

அந்தத் திண்ணையின் ஒரு மூலையில் வைக்கோல் பரப்பிய அட்டைப் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் பழைய சுரூபங்கள் ஏழு. முகத்தில் வர்ணமே இல்லை. மாதாவின் நீல முக்காடு அங்கங்கே திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. "இவை தூத்துக்குடியிலிருந்து வந்தவை, வெள்ளத்தில் முழுகியவை. மறுபடி வர்ணம் பூசக் கொடுத்திருக்கிறார்கள்" என்று அறிந்தோம். அந்த ஏழு பொம்மைகளின் கதையைத் தெரிந்துகொள்ளத்தான் அடுத்த மாதம் நாம் தூத்துக்குடிக்குப் புறப்பட்டோம்.

பள்ளிக்கூடத்து அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு, விடியற்காலையில் மதுரையில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறினோம். கோவில்பட்டியில் பொழுது புலர்ந்தது. மழைக்குப் பிந்திய கரிசல் பூமி பச்சைப் போர்வை போர்த்திருந்தது. 1911ஆம் ஆண்டு வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்ட மணியாச்சி சந்திப்பில், இப்பொழுது அவ்வீரனின் பெயரையே தாங்கி நிற்கும் அந்த ஸ்டேஷனில், வண்டி நின்று புறப்பட்டது. சற்று நேரத்தில் காற்றில் உப்பின் ஈரம் கலந்து வந்தது. ஊர் வந்துவிட்டது என்று கண்ணுக்கு முன்னே மூக்கு அறிந்துகொண்டது.

திரேஸ்புரத்துக்குப் போகும் வழியில் ஒரு குறுகலான தெரு. அதன் நடுவே ஓட்டுக் கூரையுடன் ஒரு பொதுக்கூடம். கல்யாணப் பேச்சும் அங்கேதான், வலை பங்கு வழக்கும் அங்கேதான், மழைக்காலத்தில் பிள்ளைகள் படிப்பதும் அங்கேதான். டிசம்பர் வந்துவிட்டால் அதன் கீழ்ப்பாதி குடிலுக்கு உரியது. வேலையை முன்னின்று நடத்தியவர் எழுபது வயதுக் கிழவர். முன்னாளில் தோணியில் கொழும்புக்குப் போய் வந்தவர். தெருவில் எல்லாருக்கும் அவர் 'அண்ணாச்சி'. நமக்கும் அப்படியே ஆனார்.

"வாருங்கள் வாத்தியாரய்யா! விளாச்சேரியில் எங்கள் மாதாவைப் பார்த்தீர்களாமே?" என்று வரவேற்று, அந்தக் கதையைச் சொன்னார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த பேய்மழையை யாரும் மறந்திருக்க முடியாது. தூத்துக்குடிக்குத் தெற்கேயுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டிற்று. ஸ்ரீவைகுண்டத்தில் ஏறத்தாழ எண்ணூறு பிரயாணிகளுடன் ரயில் வண்டி வெள்ளத்தின் நடுவே நின்றுவிட்டது. தாமிரபரணி கரை கடந்தது. தூத்துக்குடி நகரில் பல தெருக்களில் நாள்கணக்காகத் தண்ணீர் வடியவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரமே இருந்த சமயம்! குடில் வேலைக்காகப் பரணிலிருந்து இறக்கிக் கூடத்தின் தரையில் வைத்திருந்த பொம்மைப் பெட்டிகள் மூன்று நாள் நீருக்குள் கிடந்தன.

"தண்ணீர் வடிந்து பெட்டியைத் திறந்தோம். காகிதக்கூழில் செய்த ஆடுகள் இருந்த இடத்தில் கஞ்சிதான் இருந்தது. பாரீஸ் சாந்துச் சம்மனசுகள் கையோடு உதிர்ந்துவிட்டன. என் அப்பா காலத்துச் சூளை மண் சுரூபங்கள் ஏழும் மட்டும் முழுசாக இருந்தன. வர்ணம் போயிற்று, உருவம் போகவில்லை. அந்த வருஷம் அந்த ஏழையும் அப்படியே, வர்ணமில்லாமலே, ஒரு மேஜை மேல் வைத்தோம். விளக்குக்கூட இல்லை. அந்தக் குடில் போல் ஒரு குடிலை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை" என்றார் அண்ணாச்சி.

மறு ஆண்டு, அதாவது நாம் சென்ற 2024இல், என்ன செய்வது என்ற பேச்சு எழுந்தது. வாலிபர் சிலர், 'பழையதைக் கட்டி அழுவானேன்? தெருவில் காசு பிரித்துப் பெரிய செயற்கைப் பொம்மைத் தொகுதி ஒன்றை, விளக்கும் பாட்டும் சேர்ந்தே வருவதாக, வாங்கிவிடலாம். ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். தண்ணீரும் அதை ஒன்றும் செய்யாது' என்றார்கள். அவர்கள் கட்சியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்கு இருபது நாள் இரவு விழிக்க ஏது நேரம்? அண்ணாச்சி மறுத்துப் பேசவில்லையாம். "வாங்கலாம். ஆனால் அந்த ஒரு மணி நேரம் போக மீதி இருபது ராத்திரியும் நாம் எங்கே கூடுவது?" என்று மட்டும் கேட்டாராம். கூடத்தில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு பழைய சுரூபங்களை விளாச்சேரிக்கு அனுப்பி வர்ணம் பூசுவதென்றும், ஆடு மாடுகளையும் சம்மனசையும் புதிதாகச் சூளை மண்ணிலேயே செய்விப்பதென்றும், விளக்கு வேலையை வாலிபர் விருப்பம்போல் நடத்துவதென்றும் முடிவாயிற்று.

நாம் போனபோது வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. சாக்குத் துணியைச் சுண்ணாம்புக் குழம்பில் தோய்த்துக் கம்புகளின் மேல் போர்த்தினால், உலர்ந்ததும் அது மலையாகிறது. தாம்பாளங்களில் தெளித்த கேழ்வரகு முளைத்து, நாலே நாளில் புல்வெளியாகிவிட்டது. முளைப்பாரிக்கு விதைக்கும் பக்குவமும் இதுவே அல்லவா? கொட்டிலின் கூரை பனை ஓலை. அதை வேய்ந்தவர்கள் பெண்கள். பனை ஓலையில் பெட்டி முடைவதில் பெயர் பெற்ற மணப்பாட்டிலிருந்து இத்தெருவுக்கு வாழ்க்கைப்பட்ட ஓர் அம்மாள், ஓலையிலேயே ஒரு நட்சத்திரம் முடைந்து தந்தார். மூங்கில் சிம்பும் வர்ணக் காகிதமும் கொண்டு சிறுவர்கள் செய்த நட்சத்திரங்கள் வாசல்தோறும் தொங்கின.

மூலையில் ஒருவர் மூன்று ராஜாக்களுக்குக் கிரீடம் செய்துகொண்டிருந்தார். அட்டையும் பொன் தாளும் பாசிமணியும் அவர் கையில் வெகு வேகமாகப் பொருந்தின. விசாரித்தபோது, குலசேகரன்பட்டினம் தசராவுக்குக் கிரீடம் செய்பவர் அவர் என்று தெரிந்தது. முத்தாரம்மன் கோயிலின் அந்தத் தசரா இக்கரையின் மற்றொரு பெருவிழா. நேர்ந்துகொண்ட பக்தர்கள் காளியாகவும் ராஜாவாகவும் குறவன் குறத்தியாகவும் வேஷம் பூண்டு, ஊர் ஊராகக் காணிக்கை பெற்று, விஜயதசமி இரவில் கடற்கரையில் நடக்கும் சூரசம்ஹாரத்துக்குத் திரளுகிறார்கள். அங்கே மனிதர்களே பொம்மைகள், கடற்கரையே கொலுப்படி. இரண்டு மாதத்துக்கு முன் காளிக்குக் கிரீடம் செய்த கை, இப்பொழுது கிழக்கு தேசத்து ராஜாவுக்குக் கிரீடம் செய்துகொண்டிருந்தது. "அங்கே கனம் கூடாது, ஆடுகிறவர் தலை வலிக்கும். இங்கே அந்தக் கவலை இல்லை" என்று அவர் சிரித்தார்.

கடைசியில் ஒரு தர்க்கம் மூண்டது. பனியைப் பற்றிய தர்க்கம். மலையின் மேல் பஞ்சை ஒட்டிப் பனியாக்குவது சிறுவர்களின் யோசனை. விளக்குச் சூட்டில் பஞ்சு பற்றிக்கொள்ளும் என்று பெரியவர்கள் தடுத்தார்கள். உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண்மணி, "பனிக்கு ஏன் அலைகிறீர்கள்? நம்மிடம் இல்லாத வெள்ளையா?" என்று ஒரு பெட்டி நிறைய உப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள், மின்சார வேலை பார்த்த வாலிபனைத் தவிர. மழைக்காற்றில் உப்பு கசியும். கசிந்த நீர் கம்பியில் பட்டால் விளக்கு அணைவதோடு நில்லாது, தொட்டவர் கையும் அதிரும் என்பது அவன் வாதம். வாதம் சரியே. முடிவில், கம்பி போகாத பின்புறத்து மலையில் ஓலைத் தட்டுகளை வைத்து, 24ஆம் தேதி இரவு கடைசி நேரத்தில் உப்பைப் பரப்புவதென்று ஏற்பாடாயிற்று. பனிமய மாதாவின் ஊரில் உப்புப் பனி! ரோமாபுரியில் மலரிதழ் பனியானால் இங்கே உப்பு ஆகக் கூடாதா?

நடுச்சாமப் பூசைக்கு மணியடித்ததும் தெருவே கூடத்தின் முன் நின்றது. அதுவரையில் முன்னிட்டி வெறுமையாகத்தான் இருந்தது. தெருவிலேயே வயதில் சிறிய பையன் ஒருவன், விளாச்சேரியில் கண் திறந்த அந்தக் குழந்தையைக் கொண்டுவந்து வைக்கோலின் மேல் கிடத்தினான். வெள்ளத்தில் முழுகி எழுந்த மாதா, புதிய நீல முக்காட்டுடன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் செயற்கைப் பொம்மை வேண்டுமென்ற வாலிபர்களில் ஒருவன் தன் தங்கையிடம், "அந்தக் கிணறு நான் கட்டினது" என்று மெல்லச் சொன்னது நம் காதில் விழுந்தது. விலைக்கு வாங்கியிருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான்? விலையைத்தான் சொல்லியிருப்பான்.

மூன்றரசர் திருநாளான ஜனவரி 6 கழிந்ததும் குடிலைக் கலைத்துவிடுகிறார்கள். கேழ்வரகுப் புல் ஆட்டுக்கு, ஓலை அடுப்புக்கு, உப்பு கடலுக்கு. சுரூபங்கள் மட்டும் வைக்கோல் சுற்றிப் பரணுக்கு. இனி ஒருபோதும் தரையில் வைப்பதில்லை என்று தெருவார் தீர்மானம். கலைக்கும்போது யாரும் வருந்தக் காணோம் என்று அண்ணாச்சி சொன்னார். இக்கரைக்குக் கட்டுவதும் கலைப்பதும் புதிதல்லவே! முன்னாளில் முத்துக்குளிப்பு அறிவித்தால் மணல்வெளியில் ஓலைக் குடிசைகளால் ஒரு நகரமே எழும். குளிப்பு முடிந்ததும் அந்நகரம் மறையும். 1961க்குப் பிறகு இங்கே பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. முத்து போயிற்று, ஓலையால் ஊர் சமைக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. அதையும் பெட்டியில் அடைத்து விற்கும் சரக்குக்கு விட்டுக்கொடுத்துவிட்டால் தெருவுக்கு மிஞ்சுவது வேடிக்கை பார்க்கும் வேலைதான்.

நவராத்திரியானாலும் கிறிஸ்துமஸ் ஆனாலும் நம் குடும்பங்களுக்குப் பொம்மை வேண்டும். எல்லாவற்றையும் மண்ணில்தான் வாங்க வேண்டுமென்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆயினும் ஆண்டுக்கு ஒரு பொம்மையேனும் சூளை கண்ட மண்ணாகக் கேட்டு வாங்கினால், கண் எழுதும் அந்த அம்மாளின் தூரிகை இன்னும் ஒரு தலைமுறைக்குக் கைமாறும். மலையையும் குளத்தையும் புல்வெளியையும் நம் பிள்ளைகளே செய்யட்டும். கோணலாக இருந்தால் இருக்கட்டும். பொம்மைக்கு ஆர்டர் கொடுப்பவர்கள் மட்டும் ஒன்றை மறந்துவிட வேண்டாம்: மார்கழிப் பொம்மைக்கு ஆவணி வெயிலிலேயே சொல்லி வைத்துவிட வேண்டும். ஐப்பசி மழை எந்தத் திருநாளுக்காகவும் காத்திருப்பதில்லை.